பட்டினிப் பாம்புக்குட்டியும் பண்பாகுபெயரும்

முட்டையை விட்டு வந்த பாம்புக்குட்டி, முன்னால் வைத்த எலிக்குஞ்சைக் கண்டு தலையைத் திருப்பிக்கொண்டால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாம்பு வளர்ப்பவர்கள் அதைப் பிடிவாதம் என்று குறித்துவைக்கிறார்கள். இந்த வகைப்பாடு பிழையானது. சோறு என்று தெரிந்தும் வேண்டாம் என்பதுதான் பிடிவாதம். குட்டிக்கோ அது சோறு என்றே தெரியாது. ஆகவே சிக்கல் வயிற்றில் இல்லை, பெயரில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு. பாம்பின் அகராதியில் பெயர்கள் வாசனையால் எழுதப்பட்டவை. பிளந்த நாக்கு நுண்துகள்களை அள்ளி வாய்க்குள் கொண்டுபோக, மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பு அவற்றை வாசிக்கிறது. வாசித்த பெயர் அகராதியில் இல்லையென்றால் எலி எத்தனை கொழுத்திருந்தும் பயனில்லை.

இந்த அகராதி பள்ளிக்கூடத்தில் கற்றதன்று, பிறக்கும்போதே கையோடு வருவது. (பாம்புக்குக் கை ஏது என்று கேட்பவர்கள் மேலே படிக்க வேண்டாம்.) 1960களில் கார்டன் பர்கார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஒருவாய்கூட உண்டறியாத கார்ட்டர் பாம்புக்குட்டிகளின் முன் மண்புழு, மீன் முதலியவற்றின் சாற்றில் தோய்த்த பஞ்சை நீட்டினார். தங்கள் இனத்துக்கு உரிய இரையின் வாசனை வந்ததும் அவை நாக்கை வேகமாக நீட்டிப் பஞ்சையே கடித்தன. பஞ்சு பஞ்சுதான், பெயர் சரியாக இருந்தது, அவ்வளவே. 1981இல் ஸ்டீவன் ஆர்னால்டு வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. கலிஃபோர்னியாவில் கடலோரத்து கார்ட்டர் பாம்புகளுக்கு ஓடில்லாத நத்தைதான் அன்றாடச் சாப்பாடு. உள்நாட்டில் அந்த நத்தை கிடையாது. இரண்டு பக்கத்துக் குட்டிகளுக்கும் நத்தைத் துண்டை வைத்தபோது கடலோரக் குட்டிகளில் பெரும்பாலானவை தின்றன. உள்நாட்டுக் குட்டிகளில் பெரும்பாலானவை தொடவில்லை. ஒரே இனம், வட்டார வழக்கு வேறு.

இனி வீட்டுக்கூண்டுக்கு வருவோம். அமெரிக்கத் தென்கிழக்கைச் சேர்ந்த கார்ன் பாம்பின் குட்டி, காட்டில் சிறு பல்லிகளையும் மரத்தவளைகளையும் தின்று வளர்வது. பன்றிமூக்குப் பாம்பு எனப்படும் ஹாக்னோஸுக்குத் தேரை உயிர். இவற்றுக்கு நாம் நீட்டுவதோ 'பிங்கி': மயிர் முளைக்காத, சுண்டுவிரல் நுனியளவே உள்ள, உறைபெட்டியிலிருந்து எடுத்த எலிக்குஞ்சு. இங்கே வளர்ப்பாளர்கள் கையாளும் உத்தி முழுக்க முழுக்க இலக்கணம் சார்ந்தது. வெதுவெதுப்பான நீரில் பிங்கியை இளக்கி, ஈரம் துடைத்து, அனோல் பல்லியின் முதுகிலோ தேரையின் மேலோ தேய்க்கிறார்கள். அதுவும் கிடைக்காதபோது டப்பாவில் வரும் சூரைமீனின் நீரில் முக்குகிறார்கள். பிறகு மூடியில் ஓட்டை போட்ட சின்ன டப்பாவில் குட்டியோடு வைத்து, இருட்டில் இரவு முழுக்க விட்டுவிடுகிறார்கள். நாக்கு ஒருமுறை வெளியே வருகிறது, நிற்கிறது, பிறகு படபடவென்று நாலைந்து முறை. கழுத்து மெல்லப் பின்வாங்கி ஆங்கில 'எஸ்' எழுத்துப்போல் வளைகிறது. அடுத்த கணம் பிங்கி வாயில். விழுங்கி முடித்து, விரிந்த தாடையைச் சரிசெய்யக் கொட்டாவிபோல் ஒரு வாய் திறப்பு. பல்லியின் பண்பு எலிக்கு ஆகிவந்துவிட்டது. 'இனிப்பு தின்றான்' என்பதில் சுவையின் பெயர் பண்டத்துக்கு ஆகிவருவது பண்பாகுபெயர் என்றால் இதுவும் அதுவே.

மறுப்புகள் உண்டு. பண்டிதர் தரப்பு சொல்லும்: ஆகுபெயர் தொன்றுதொட்டு வழங்கிவர வேண்டும், நேற்றுத் தேய்த்ததெல்லாம் ஆகாது. ஏற்கலாம், ஆனால் பிறந்து சில வாரமே ஆனவருக்கு நான்கு சாப்பாடு தொன்றுதொட்டுதான். சாப்பாட்டுக்குச் சாப்பாடு பல்லி வாசனையைக் குறைத்துக்கொண்டே வந்தால், கடைசியில் எலியே தன் சொந்தப் பெயரால் உண்ணப்படுகிறது. பட்டினி போட்டால் தானே தின்னும் என்பது மாமியார் தரப்பு. பசி வந்தால் பறந்துபோகும் பத்தில் மோப்பம் சேர்த்தியில்லை. முதல் சில நாட்களுக்கு மஞ்சள்கருவின் மிச்சம் குட்டியின் வயிற்றிலேயே இருக்கிறது. முதல் சட்டை உரிக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அதுவரை பசி என்ற பேச்சே இல்லை. அதன் பிறகும் வாரக்கணக்கில் தாங்கும், ஆனால் சின்ன உடம்பின் சேமிப்பு சின்னதுதான் என்பதால் தராசு பக்கத்தில் இருப்பது நல்லது. கூண்டில் சூடு போதாமல்தான் தின்னவில்லை என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஒரு மூலையாவது 28, 29 டிகிரி இல்லாவிட்டால் விழுங்கியது செரிக்காது. ஒளிய இடமும் வேண்டும். அடிக்கடி கையில் எடுத்துக் கொஞ்சினால் பயம்தான் மிஞ்சும். இதெல்லாம் சரியாக இருந்தும் உண்ணாத குட்டியைப் பற்றியதே நம் ஆய்வு. வாயைப் பிளந்து ஊட்டுவதற்கு உரையாசிரியர் மரபில் 'வலிந்து பொருள்கொள்ளல்' என்று பெயர். உரைக்குக் கேடு, குட்டிக்குக் காயம். மெலிந்து வருமானால் அந்த வேலையைக் கால்நடை மருத்துவரிடம் விட வேண்டும். புற்றுக்குப் பால் ஊற்றும் நம்மூர்த் தரப்புக்கு ஒரே பதில்: பால் பாம்பின் அகராதியில் எந்தப் பதிப்பிலும் இல்லை. தாகத்தில் வாடிய பாம்பு எந்த நீர்மத்தையும் குடிக்கும், அதைப் பக்தி என்று எழுதிக்கொண்டோம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொல்லையில் அகப்பட்ட சாரைக்குட்டியை டப்பாவில் போட்டு இந்த ஆய்வைச் சோதித்துப் பார்த்துவிட வேண்டாம். சாரையை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தில் ஆகுபெயருக்கு இடமில்லை.