நாற்காலியின் பாத்தியதை

மகாநகரங்களின் இரைச்சலும் வேண்டாம், இருட்டிய பின் மான்களைத் தவிர வேறு ஜீவன்கள் நடமாடாத சிற்றூர்களின் மௌனமும் வேண்டாம், மூன்று லட்சம் ஜனங்கள் வசிக்கும் நடுத்தரமான ஊர் ஒன்று போதும் என்று சங்கற்பம் செய்துகொண்ட என் தமக்கை மகன், பஃபலோ, சின்சினாட்டி, பிட்ஸ்பர்க் ஆகிய மூன்றுக்கும் வாடகை, சொத்துவரி, பள்ளிக்கூடம் என்று கட்டம் போட்டு ஒரு ஜாபிதா தயாரித்துக்கொண்டு, பனி கொட்டித் தீர்த்த மறுநாள் பிட்ஸ்பர்க்கில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

காப்பியைக் கொடுத்துவிட்டு என் அபிப்பிராயத்தை விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். பஃபலோவில் ஈரி ஏரியின் ஈரத்தை வாரிக்கொண்டு வரும் குளிர்காற்று, கரையேறியதும் அதைப் பனியாகக் கொட்டிவிடும். அதிலும் பாரபட்சம் உண்டு. 2014 நவம்பரில் தெற்கே ஐந்தடிக்கு மேல் கொட்டியபோது, சில மைல் வடக்கே சில அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டது. சின்சினாட்டியின் விமான நிலையமோ ஆற்றுக்கு அக்கரையில், கென்டக்கி மாநிலத்தில் இருக்கிறது. ஊருக்கடியில் ரயில் சுரங்கம் உண்டு. 1920-களில் பணம் தீர்ந்து வேலை நின்றுபோனதால் இன்றுவரை ரயில்தான் இல்லை. 'சில்லி' என்ற பெயரை நம்பி மிளகாய்க் காரத்தை எதிர்பார்த்துப் போகிறவன் முன், லவங்கப்பட்டை மணக்கும் மாமிசக் குழம்பை ஸ்பகெட்டியின் மேல் ஊற்றி, சீஸ் துருவலைக் குவித்து வைக்கிறார்கள்.

"பிட்ஸ்பர்க் எப்படி, மாமா?"

இங்கே 446 பாலங்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். 100 அடிக்கு 37 அடி ஏறும் தெரு ஒன்றும் இருக்கிறது. 1891-இல் இங்கிலீஷில் எழுதும் ஊர்ப்பெயரின் கடைசி எழுத்தான 'h'-ஐ சர்க்கார் பறித்துக்கொள்ள, விடாப்பிடியாக நின்று 1911-இல் அதைத் திரும்ப வாங்கிய ஜனங்கள் இவர்கள்.

"அது இருக்கட்டும், காரை எங்கேடா விட்டாய்?"

"எதிர்ச்சாரியில் சுத்தமாக வெட்டிவைத்த இடமே கிடைத்துவிட்டது, மாமா. ஒரு ஓட்டை நாற்காலி கிடந்தது. ஓரமாக எடுத்து வைத்துவிட்டேன்."

எனக்குக் காப்பி தொண்டையில் நின்றது. பனியை வெட்டித் தன் காருக்கு இடம் செய்தவன், வெளியே போகையில் பழைய நாற்காலி ஒன்றை அங்கே போட்டுவிட்டால், திரும்பும்வரை அவ்விடம் அவனுக்கே அனுபோக பாத்தியதை என்பது இவ்வூர் தர்மம். சட்டத்தில் ஆதாரம் தேடினால் கிடைக்காது. நம்மூர்ப் பஸ்ஸில் ஜன்னல் வழியே போடும் துண்டுக்கு இது ஒன்றுவிட்ட சகோதரன்தான் என்றாலும், துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்து வாதாடும் சூரர்கள் நம்மிடையே உண்டு. நாற்காலியைத் தொட்ட சூரனைப் பன்னிரண்டு வருஷத்தில் இத்தெருவில் நான் கண்டதில்லை.

ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தோம். கார் இருந்த இடத்தில் ஒரு வெண்குன்றமும், அதன் சிகரத்தில் அந்த நாற்காலியும் இருந்தன.

அவன் மண்வெட்டியோடு இறங்கி இரண்டு மணி நேரம் வெட்டினான். துணைக்குப் போயிருக்கலாம்தான், ஆனால் அவன் எந்த வீட்டு விருந்தாளி என்பது அதுவரை தெருவுக்குத் தெரியாதிருந்தது.