வடக்கு மலையில் ஒரு நாள்

தேனிப் பக்கத்தில் மேற்கு மலைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அது சோறு போடுகிற மலை. 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்து வெட்டிய சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் இறங்குகிறது. லோயர்கேம்ப் முதல் எங்கள் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. இந்தப் பள்ளத்தாக்கின் டீக்கடைகளில் அணையைக் கட்டிய பென்னிகுயிக் படம் சாமி படங்களோடு சேர்ந்து தொங்குவதைப் பார்க்கலாம். வருகிற தண்ணீருக்கு நன்றி சொல்லத் தெரிந்த ஊர்கள் எங்கள் ஊர்கள்.

வடக்கே நிற்கிற பழனி மலைக்கு அந்த மரியாதையை நாங்கள் கொடுத்ததில்லை. அது டூர் போகிற மலை. விடியுமுன் வேன் ஏறி, கொடைக்கானலில் முடிந்த மட்டும் எல்லா இடத்தையும் பார்த்து, இரவுக்குள் வீடு திரும்பும் ஒரு நாள் பயணம்தான் எங்களுக்கும் அதற்கும் உள்ள பழக்கம். நான் பள்ளிக்கூடத்தில் படித்த எண்பதுகளில் தெருக்காரர்களோடு அப்படிப் போனேன். அண்மையில் மகள், மருமகன், பேத்தியோடும் அப்படித்தான் போய் வந்தேன். மலையும் அதேதான், ஒரு நாள் என்ற கணக்கும் அதேதான். இடையில் கழன்று விழுந்தது ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

அன்றைய டூர் முந்தின ராத்திரியே தொடங்கிவிடும். வீட்டுக்கு வீடு புளிச்சோறு கிண்டும் வாசனை. தூக்குவாளிகளில் தயிர்ச்சோறு, ஊறுகாய், வறுத்த மோர் மிளகாய். வளைவில் குமட்டினால் முகர்ந்து பார்க்க ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். ஸ்வெட்டர் வைத்திருந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர்தான். மற்றவர்கள் போர்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வேன் ஏறுவார்கள். பெரியகுளம், தேவதானப்பட்டி தாண்டிக் காட்ரோட்டில் திரும்பும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

முதல் நிறுத்தம் டம் டம் பாறை. எதிர்மலையில் 297 மீட்டர் உயரத்திலிருந்து ஒற்றை வெள்ளை இழையாக விழும் தலையாறு அருவி அங்கிருந்து தெரியும். எலிவால் அருவி என்றால்தான் எங்கள் பக்கம் புரியும். தமிழ்நாட்டிலேயே உயரமான அருவி அது. அப்புறம் பெருமாள்மலை, வெள்ளி அருவி, பிறகு ஊர். ஏரிக்கரையில் வண்டி நின்றதும் ஒரு வழிகாட்டி ஏறிக்கொள்வார்.

அந்த வழிகாட்டியை எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. அறுபது வயதிருக்கும். காக்கிக் கோட்டு, குரங்குக் குல்லா, கையில் ஒரு குச்சி. ஒரு நாளுக்குள் எத்தனை இடம் காட்ட வேண்டும் என்ற கணக்கு அவருக்கும் உண்டு. ஏரி, பிரையண்ட் பூங்கா, கோக்கர்ஸ் வாக், குறிஞ்சி ஆண்டவர் கோயில், தூண் பாறை, பச்சைப் பள்ளத்தாக்கு என்று ஒன்றையும் விடமாட்டார். ஆனால் ஓட ஓடப் பேசிக்கொண்டே வருவார். அந்தப் பேச்சுதான் எங்களுக்கு மலையைத் திறந்து காட்டியது.

"ரோடு வர்றதுக்கு முந்தி இந்த ஊருக்கு வாசல் உங்க பெரியகுளந்தாம்மா" என்று ஆரம்பிப்பார். வெள்ளைக்காரர்கள் ரயிலில் வந்து இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்துக்கு வருவார்கள். அங்கிருந்து கும்பக்கரைக்கு மேலே வெள்ளகெவி வழியாக ஒற்றையடிப் பாதை. துரைமார் குதிரையில், துரைசாணிகள் டோலியில். "அந்த டோலியைத் தூக்குனது எங்க தாத்தா மாதிரி ஆளுங்க. ராத்திரியில புறப்பட்டா விடியக்காலம் மேல வந்து சேரலாம்" என்பார். 1821-இல் லெப்டினன்ட் வார்டு என்ற அளவையாளர் ஏறி வந்ததும் வெள்ளகெவியிலிருந்துதான். 1845-இல் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் கீழ்நாட்டுக் காய்ச்சலுக்குத் தப்பி இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். 1863-இல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு ஓடையை மறித்து ஏரியாக்கினார். நாங்கள் ஏறி வந்த லாஸ் காட் ரோடு 1916-இல்தான் திறந்தது. அதுவரைக்கும் அரிசி மூட்டையிலிருந்து பியானோ வரை மேலே போன எதுவும் மனிதத் தோளிலோ மாட்டு முதுகிலோதான் போயிருக்கும்.

பச்சைப் பள்ளத்தாக்கில் என் அப்பத்தாவை அவர் கைபிடித்துக் கம்பிக்கு அருகே கூட்டிப் போனார்.

"ஆத்தா, கீழ வெள்ளையாத் தெரியுதுல்ல, அது தண்ணி. வைகை அணை."

"அப்ப நம்ம ஊரு எங்கிட்டுப்பா?"

"அணைக்கு வலதுகைப் பக்கமா, மலையோரமாப் பச்சையா ஒரு பட்டை போகுது பாருங்க. அந்தப் பச்சைக்குள்ளதான்."

அப்பத்தா வெகுநேரம் கண்ணை இடுக்கிப் பார்த்தது. பிறகு வயல்காட்டில் வாழ்ந்தவர்கள் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டது.

"இங்க பேயுற மழை எங்கிட்டு இறங்கும்?"

வழிகாட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. குச்சியால் காற்றில் கோடு போட்டுக் காட்டினார். "வடக்கால பேஞ்சா பழனிப் பக்கம் போயிரும். இங்கிட்டுப் பேஞ்சா எல்லாம் உங்களுக்குத்தான் ஆத்தா. பாம்பாறு கும்பக்கரைக்கு இறங்கும். காலையில எலிவால் பாத்தீங்கல்ல, அந்தத் தண்ணி மஞ்சளாறு அணைக்கு. பேரிஜம் ஏரியும் பெரியகுளத்துக்காரங்க குடிக்கிற தண்ணிதான்."

"அப்ப இதுவும் நம்ம மலைதான்" என்றது அப்பத்தா.

தூண் பாறைக்குப் போனபோது மஞ்சு மூடியிருந்தது. 400 அடி உயரப் பாறைகள் மூன்றும் வெள்ளைத் திரைக்குப் பின்னால் மறைந்துவிட்டன. எங்களில் சிலர் அடுத்த இடத்துக்குக் கிளம்பலாம் என்றார்கள். "ஒரு இடம் குறைஞ்சாலும் பரவாயில்ல, இதைப் பாத்துட்டுத்தான் போகணும்" என்று வழிகாட்டி எங்களை உட்கார வைத்துவிட்டார். புளிச்சோற்றுப் பொட்டலங்களை அங்கேயே பிரித்தோம். அரைமணி நேரத்துக்குமேல் ஆகியிருக்கும். காற்று ஒரு புறமாக இழுக்க, பாறைகள் அடியிலிருந்து ஒவ்வொரு விரற்கடையாக வெளியே வந்தன. சாப்பாட்டுக் கையோடு எல்லோரும் எழுந்து நின்றோம். காத்திருந்து பார்த்ததால் அந்தக் காட்சி எனக்குள் இன்னும் அழியாமல் இருக்கிறது.

இப்போது போன டூரைப் பற்றிச் சொல்கிறேன். மருமகன் கைபேசியிலேயே வேனை ஏற்பாடு செய்துவிட்டார். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வந்த இ-பாஸையும் அதிலேயே வாங்கிவிட்டார். கோடைக்காலத்தில் வார நாட்களில் 4,000 வண்டி, வாரக்கடைசியில் 6,000 வண்டி என்று 2025-இல் வரம்பும் வைத்தார்கள். அந்த வரம்பு தேவையானது என்பது மலைப்பாதையில் ஏறும்போதே தெரிந்தது. பெருமாள்மலையிலிருந்தே வண்டிகள் ஒன்றின் பின் ஒன்றாக ஊர்ந்தன.

ஓட்டுநர் தம்பிக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். வழிகாட்டியும் அவரேதான். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்தது. ஒவ்வொரு இடத்திலும் இறங்கும்போது "இருபது நிமிஷம் சார், அதுக்குள்ள வந்துருங்க" என்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. விடியற்காலம் தொடங்கிய வேலை. வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போகிறது. வனத்துறைப் பகுதியிலுள்ள இடங்களைச் சாயங்காலம் மூடுவதற்குள் காட்டியாக வேண்டும். அத்தனை நெருக்கடியிலும் பேத்திக்கு வளைவில் குமட்டியபோது வண்டியை ஓரங்கட்டி, தன் பாட்டில் தண்ணீரில் அவள் முகத்தைக் கழுவிவிட்டவர் அவர்.

அதிகக் கூட்டம் இருந்தது குணா குகையில். 1991-இல் 'குணா' படம் வந்த பிறகு அந்தப் பெயர் நிலைத்தது. 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்த பிறகு கூட்டம் பெருகியது. பேத்தி வயதுப் பிள்ளைகள்கூட அந்தக் கதையைச் சொல்கிறார்கள். 2006-இல் உண்மையாக நடந்த மீட்பு அது. நண்பனுக்காகக் குழிக்குள் இறங்கிய ஒருவரின் கதையால் ஒரு பாறை இடுக்கு இத்தனை பேரின் மனதில் இடம் பிடித்திருக்கிறது. கதை தெரிந்தவர்கள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று நிதானமாகப் பார்த்தார்கள். ஐம்பது அடி தள்ளி இருக்கிற மரத்தையும் புல்லையும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவற்றின் கதையை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

தூண் பாறையில் அன்றைக்கும் மஞ்சு. மஞ்சுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் வண்டிக்குத் திரும்பினார்கள். பச்சைப் பள்ளத்தாக்கில் பேத்தியைக் கம்பிக்கு அருகே தூக்கிப் பிடித்து, வைகை அணையைக் காட்டினேன். அப்பத்தா கேட்ட கேள்விக்கு வழிகாட்டி சொன்ன பதிலையும் சொன்னேன். பக்கத்தில் நின்ற உசிலம்பட்டிக் குடும்பம் ஒன்று நெருங்கி வந்து கேட்க ஆரம்பித்தது. "வைகை இங்கிருந்தா தெரியுது?" என்று அந்த வீட்டம்மா வியந்து, தன் மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினார். சொல்ல ஆளிருந்தால் கேட்க ஆளிருக்கிறது என்பது அந்த இடத்தில் எனக்கு உறுதியானது.

ஒரு நாள் டூர்காரர்களைப் பற்றி இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. ஓடி ஓடிப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சீசனில் அங்கே அறை எடுத்துத் தங்குவது தினக்கூலிக்காரருக்கு முடியாத காரியம். மில் வேலைக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் போகிறவர்களுக்கு ஒரு நாள் லீவு கிடைப்பதே பெரிது. அந்த ஒரு நாளில் பிள்ளைகளுக்கு மலையைக் காட்டிவிட வேண்டும் என்று சம்பளத்தில் மிச்சம் பிடிக்கிற தகப்பனுக்கு அந்த மலைமேல் முழு உரிமை உண்டு. அந்த ஒரு நாளை நன்றாக நடத்தித் தருவதுதான் நம் கடமை.

அதற்கு முதலில் பட்டியலில் இரண்டு இடம் குறைய வேண்டும். அந்த நேரத்தில் தண்ணீரின் கதையைச் சொல்ல வேண்டும். மலை உச்சியின் பள்ளங்களில் இருக்கும் சோலைக்காடும் சுற்றியுள்ள புல்வெளியும் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளில் விடுகின்றன. தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் விறகுக்காகவும் அந்தப் புல்வெளிகளில் சீகை மரத்தையும் தைல மரத்தையும் நட்டார்கள். நாம் நின்று படம் எடுக்கிற பைன் காடும் 1906-இல் பிரையண்ட் என்ற அதிகாரி நடவைத்ததே. அழகுதான். ஆனால் இந்த மலையின் இயல்பான காடு அதற்கு அடுத்த பள்ளத்தில் இருக்கிறது. 2013-இல் கொடைக்கானல் வனவுயிர் சரணாலயம் அறிவிக்கப்பட்டதன் காரணத்தைப் பைன் காட்டின் ஓரத்தில் நின்றே ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். 2018-இல் பூத்த குறிஞ்சி 2030-இல் மறுபடி பூக்கும்போது, அதற்குப் புல்வெளி மிஞ்ச வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லலாம்.

பட்டியலிலிருந்தே நழுவிவிட்ட சூரிய ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. 1876-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனுக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிய வேண்டும் என்ற ஏக்கமும் சேர்ந்துதான் அந்தக் கூடம் எழுந்தது. 1909-இல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு நகர்வதைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றது அங்கேதான். வானத்தைப் பார்த்து விதைக்கிற சனங்களுக்கு அந்தக் கட்டடத்தைவிட நெருக்கமான இடம் ஏது?

வட்டக்கானலில் டால்பின் மூக்கைப் பார்க்க இறங்குகிறவர்கள், அதே பாதையில் தொடர்ந்து இறங்கினால் வெள்ளகெவி வரும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கொடைக்கானலுக்கு முன்பே இருந்த ஊர் அது. துரைமாரைத் தூக்கிச் சென்ற பாதையிலிருந்த அந்த ஊரில், அண்மைக்காலம் வரை நோயாளிகளை டோலி கட்டித்தான் தூக்கி வந்தார்கள்.

இதையெல்லாம் சொல்லப் பெரிய படிப்போ பெரிய செலவோ தேவையில்லை. எங்கள் ஓட்டுநர் தம்பி மாதிரி ஆட்களுக்கு, மாவட்ட நிர்வாகங்களும் சுற்றுலாத் துறையும் வனத்துறையும் சேர்ந்து சில நாள் பயிற்சி கொடுக்கலாம். தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஏறுகிற வேன்களுக்குக் கீழ்நாட்டின் கண்ணால் ஒரு வழி சொல்லித் தரலாம். டம் டம் பாறையில் மஞ்சளாறு, வெள்ளி அருவியில் ஏரி, பச்சைப் பள்ளத்தாக்கில் வைகை, வட்டக்கானலில் பாம்பாறு. கொடைக்கானலில் மழை பெய்தால் கும்பக்கரை அருவியில் குளிக்கத் தடை போடுகிறார்கள் என்று செய்தி படிக்கிற நமக்கு, அந்த இரண்டு ஊரையும் கோர்க்கிற கயிறு கண்ணில் பட வேண்டும்.

திரும்பி வரும் வழியில் ஓட்டுநரிடம் இதைச் சொன்னேன். "யாருமே இப்படிக் கேட்டதில்ல சார். கேட்டா நானும் நாலு விஷயம் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லுவேன்" என்றார். பதில் அவரிடமே இருக்கிறது. அடுத்த சீசனில் வேன் பேசும்போது வாடகையை மட்டும் கேட்காதீர்கள். இங்கே பெய்கிற மழை எங்கே இறங்குகிறது என்று கூட வருகிறவரிடம் கேளுங்கள். பத்து வேனில் கேட்டால், பதினோராவது வேனில் சொல்லத் தெரிந்த ஒருவர் இருப்பார். மேற்கு மலைக்கு நாம் செலுத்துகிற நன்றியில் வடக்கு மலைக்கும் பங்கு உண்டு. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு நாள் தாராளமாகப் போதும்.