முட்டங்கால் டீச்சர்

என் மூட்டு தேய்ந்ததற்கு எலும்பு டாக்டர் சொன்ன காரணம் ஒன்று, மணப்பாடு சொன்ன காரணம் வேறொன்று. குருத்தெலும்பு தேய்ந்துபோய் எலும்போடு எலும்பு உரசுகிறது, வயசு பாதி, உடம்பு எடை மீதி என்று டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துக் காட்டினார். ஊருக்கு எக்ஸ்ரே தேவைப்படவில்லை. “எத்தன பிள்ளையள முட்டங்கால் போட வச்சிருப்பிய டீச்சர்! அது சும்மா விடுமா?” என்று மீன் கொண்டுவருகிற பெண் வாசலில் கூடையை இறக்கும்போதே தீர்ப்பையும் இறக்கிவிட்டாள். ஏழாம் வாய்ப்பாட்டுக்காக என்னிடம் முட்டங்கால் போட்டவள்தான் அவளும். சாட்சியும் அவளே, நீதிபதியும் அவளே என்றால் நான் எங்கே போய் அப்பீல் செய்வது?

முழங்கால் இல்லாமல் சமாளித்துவிடக்கூடிய ஊர்கள் இருக்கலாம். மணப்பாடு அந்த வகையில்லை. இங்கே மணலில் கால் வைத்தால் பாதி உள்ளே போகும். அதைப் பிடுங்கித்தான் அடுத்த அடி. மணல் முடிந்தால் மேடு. மேட்டின் மேல், கடலைப் பார்த்தபடி திருச்சிலுவை ஆலயம். 1540-ல் புயலில் பிழைத்து வந்த போர்ச்சுகீசியக் கப்பலின் தலைவர், உடைந்த பாய்மரத்தில் சிலுவை செய்து அங்கே நட்டார் என்பது ஊர் வரலாறு. 1581-ல் ஆலயம் எழும்பியது. கீழே அவ்வளவு சமதரை கிடக்க அந்தக் கேப்டன் ஏன் மேட்டைத் தேடிப் போனார் என்ற கேள்வி மூட்டுவலி வந்த பிறகுதான் எனக்குள் எழுந்தது. மூச்சு வாங்க ஏறிப் போனால், உள்ளே செய்யவேண்டிய முதல் காரியம் முழந்தாளிடுவது.

அதே குன்றின் கடல்பக்கம் சவேரியார் தங்கிய குகை. 1542-ல் இந்தக் கரைக்கு வந்தவர், ஊர் ஊராக அலைந்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று 1544-ல் ரோமாபுரியில் இருந்த தன் சபையாருக்குக் கடிதம் எழுதினார். முழங்காலைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டதாக நான் படித்ததில்லை. அவருடைய எடை என்னவென்று யாராவது குறித்து வைத்திருந்தால் எனக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

ஏப்ரலில் வலது காலை ஆபரேஷனுக்குக் கொடுத்தேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். காது மட்டும் தெளிவாக இருந்தது. ரம்பம், துளை போடும் மெஷின், சுத்தியல் என்று, திரைக்கு அந்தப் பக்கம் யாரோ வள்ளம் கட்டுகிற மாதிரி சத்தம். நடுவில் “சைஸ் மூணு குடுங்க” என்று ஒரு குரல். கொஞ்ச நேரம் கழித்து, “வேண்டாம், நாலு.” மாதிரி மூட்டை வைத்து மடக்கி நீட்டிப் பார்த்து, அளவு பொருந்திய பிறகே நிஜ மூட்டைப் பொருத்துவார்கள் என்று பின்னால் விளக்கினார்கள். அப்போது எனக்கு அது என் உடம்பைப் பற்றிய விமர்சனமாகத்தான் கேட்டது.

இப்போது என் தொடை எலும்பின் நுனியில் கோபால்ட்-குரோமியம் தொப்பி, கால் எலும்பின் தலையில் டைட்டானியம் தட்டு, இரண்டுக்கும் நடுவில் வழுவழுப்பான பாலிஎத்திலீன். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் இந்த மூட்டுக்கு உச்சவிலை கட்டியது. அதிகம் புழங்குகிற கோபால்ட்-குரோமியம் ரகத்துக்கு 54,720 ரூபாய், வரி தனி. என் உடம்பில் அரசாங்கம் விலை நிர்ணயித்திருக்கிற பாகம் இது ஒன்றுதான். மற்றவற்றுக்கு விலை சொல்ல ஆள் வரவில்லை.

பயப்படாதீர்கள், வாஜ்பாய்க்கே செய்தார்கள் என்று எல்லோரும் தேற்றினார்கள். உண்மைதான். 2000 அக்டோபரில் ஒரு கால், 2001 ஜூனில் மறுகால், மும்பையில். செய்தவர் இந்தியாவில் பிறந்து நியூயார்க்கில் பேர் வாங்கிய டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். இன்றைய செயற்கை மூட்டுகளுக்கெல்லாம் முன்னோடியான ஒரு மூட்டை 1970-களில் அங்கே வடிவமைத்தவர்களில் அவரும் ஒருவர். அதுவரை தைலமும் ஒத்தடமுமாக ஓடிக்கொண்டிருந்த நம் நாட்டில், பிரதமர் எத்தனை அடி நடந்தார் என்று பேப்பரில் படித்துத்தான் பலருக்கு இப்படி ஒரு வைத்தியம் இருப்பதே தெரிந்தது. ஆனால் வாஜ்பாயைப் பயிற்சி செய்ய வைத்தவர் யாரானாலும், அவரிடம் கணக்குப் படித்தவராக இருந்திருக்க மாட்டார். எனக்கு வாய்த்த பிசியோ என் பழைய மாணவன்.

அவனை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விரிகோணம் எது, குறுங்கோணம் எது என்று ஒரு வருஷம் முழுக்கக் குழம்பியவன். இன்று கையில் கோணமானியோடு என் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறான். பள்ளிக்கூடப் பெட்டியில் இருக்கும் அதே பாகைமானிதான், இரண்டு நீளக் கைகள் கூடுதல். ஒரு கையைத் தொடையோடும் மறு கையைக் கெண்டைக்காலோடும் வைத்து, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று வாசிப்பான்.

“72, டீச்சர்.”

“என்னல, முந்தாநேத்தும் 72-ன்ன?”

“இருக்கதத்தான சொல்ல முடியும். கிரேஸ் மார்க் கெடையாதுன்னு நீங்கதான சொல்லுவிய.”

சமதரையில் நடக்கச் சுமார் 70 பாகை போதும். படி இறங்க 90 வேண்டும். தாழ்ந்த நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்திருக்க 100-ஐத் தாண்ட வேண்டும். தரையில் சம்மணம் போட்டு உட்காருவதற்கான கோணத்தை அவன் சொல்லவே இல்லை. உங்களுக்கு அது சிலபஸில் கிடையாது என்றுவிட்டான். குதிகாலை மெத்தையோடு இழுத்து மடக்கு, துண்டைச் சுருட்டிக் கணுக்காலுக்குக் கீழே வைத்து முட்டியை அழுத்து, அப்படியே பத்து எண்ணும்வரை பிடி. எண்ணுவது அவன். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இத்தனை எண்கள் இருப்பதைப் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு என்னால் புரியவைக்கவே முடியவில்லை. பின்னம் இப்போதுதான் அவனுக்குக் கைவந்திருக்கிறது.

மூட்டு ஒருவழியாக மடங்க ஆரம்பித்ததும் அடுத்த பாடத்தை எடுத்தான்: எடை. அமெரிக்காவில் மூட்டு தேய்ந்த பருமனான முதியவர்களை வைத்து நடத்தி, 2005-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உடம்பில் 1 கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் முழங்காலின் மேல் 4 கிலோ பாரம் குறைகிறது என்று கண்டார்கள். “அப்ப பத்து கிலோ கொறஞ்சா எவ்வளவு, டீச்சர்?” என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. வாயில் முறுக்கு இருந்தது.

மெஷினில் ஏறி நின்றேன். 84. கோபால்ட்டும் டைட்டானியமும் உள்ளே இருக்கிறதே, அதைக் கழிக்க வேண்டாமா என்று கேட்டதற்கு, வெட்டி எடுத்த எலும்பை அப்புறம் கூட்டணும் என்றான். இந்தச் சுறுசுறுப்பு பத்தாம் வகுப்பில் இருந்திருக்கலாம்.

மணப்பாட்டில் மெலிவது லேசுப்பட்ட காரியமில்லை. இங்கே பாசம் தூக்குவாளியில் வரும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே ஆட்டுக்கால் சூப் வந்துவிட்டது, எலும்புக்கு பலமாம். நான் எலும்பை எடுத்துவிட்டு உலோகம் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன், ஆட்டுக்கால் கோபால்ட்டில் ஊறாது என்று எவ்வளவு சொல்லியும் கேட்பாரில்லை. என் ஒரு காலுக்காக எத்தனை ஆடுகள் நாலு காலையும் கொடுத்தனவோ.

தூத்துக்குடியிலிருந்து வந்த மருமகன் மக்ரூன் டப்பாவோடு வந்தார். “எண்ணெய் கெடையாது, வெண்ணெய் கெடையாது, மைதா கெடையாது அத்தை. முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும்தான். முழுக்கப் புரோட்டீன்” என்றார். சர்க்கரையைச் சொல்லாமல் விட்டது மாப்பிள்ளை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். முதலூரிலிருந்து வந்த சிநேகிதி மஸ்கோத் அல்வாவோடு வந்தாள். தேங்காய்ப்பால் அல்வாவை மறுப்பதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் பயிற்சி கொடுப்பதில்லை. சர்க்கரையை அடியோடு நிறுத்திவிட்டேன் என்று அறிவித்த மறுநாளே உடன்குடிக் கருப்பட்டி சிப்பத்தோடு வந்து இறங்கியது. இந்த வட்டாரத்தில் கருப்பட்டி சர்க்கரைக் கணக்கில் வராது. அது மருந்து, அளவில்லாமல் சாப்பிடலாம். கிராமுக்குக் கிராம் பார்த்தால் இரண்டும் அநேகமாக ஒரே கலோரிதான் என்று உடன்குடிச் சந்தையில் நின்று சொல்லிப் பாருங்கள். பிறகு உங்களுக்கு இரண்டு மூட்டும் மாற்றவேண்டி வரும்.

வீட்டுக்குள்ளும் உதவியில்லை. என் வீட்டுக்காரர் கப்பலில் சீஃப் குக்காக இருந்து ரிட்டையர் ஆனவர். இருபத்தைந்து பேருக்குச் சமைக்கத் தெரியும், இரண்டு பேருக்கு இன்னும் பிடிபடவில்லை. மீன் நிறையச் சாப்பிடலாம், புண் ஆற புரோட்டீன் வேண்டும் என்று டாக்டர் சொன்னதில் முதல் இரண்டு வார்த்தை மட்டும் அவர் காதில் விழுந்தது. மீன் நல்லதுதான். ஆனால் ஊளிமீன் குழம்பு தனியாக வருமா? பின்னாலேயே சோறு வரும். சோற்றுக்குத் துணையாகப் பொரித்த நெத்திலி வரும். நெத்திலி தீர்ந்தபோது சோறு மிச்சமிருந்தால், அதற்காக மறுபடியும் குழம்பு.

தடைக்காலம் காப்பாற்றும் என்று நம்பியிருந்தேன். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் குறையும், விலை ஏறும், நான் இறங்குவேன் என்பது திட்டம். மணப்பாட்டில் வள்ளம்தான் அதிகம், வள்ளத்துக்குத் தடை கிடையாது என்பதை நான் சேர்க்கவில்லை. மற்ற ஊர்களில் மீனுக்கு அலைந்த நாட்களில் எங்கள் அடுப்பில் சீலா வறுபட்டது.

இதையெல்லாம் மீறி ஆகஸ்டில் எனக்கு ஐந்து கிலோ குறைந்தது. அதற்குப் பிறகுதான் நிஜமான கஷ்டம் தொடங்கியது. “ஐயோ, என்னா டீச்சர் இப்பிடி மெலிஞ்சிட்டிய!” சொல்பவர் முகத்தில் அப்படியொரு துக்கம். குண்டாக இருந்தபோது ஒருத்தர் வருத்தப்பட்டதில்லை. அப்போது நான் ‘நல்லா இருந்தேன்’. ஒரு மாமி என் வீட்டுக்காரரைத் தனியாக அழைத்துப்போய், மறைக்காமச் சொல்லுங்க, என்ன நோய் என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர் மலைக்கோவிலில் எனக்காக மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்து, பழைய உடம்பு திரும்பிவிடும், கவலைப்படாதிய என்று ஆறுதல் சொன்னார். நான் பிசியோ சொன்னபடி தீனியைக் குறைத்து, பல்லைக் கடித்து இழந்த ஐந்து கிலோவைத் திருப்பித் தரச்சொல்லி வேண்டிக்கொண்டிருக்கிறார்! யாருடைய ஜெபத்தைக் கேட்பது என்று ஆண்டவருக்கே சங்கடமாக இருந்திருக்கும்.

ஒவ்வொரு கிலோவுக்கும் மதிப்புத் தெரிந்த இடம் பக்கத்திலேயே வருகிறது. குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விட்டால் இலங்கைக்கு மேலே போகாமல் வளைந்து போகவேண்டும்; அந்த வளைவில் எரிபொருள் வீணாகும், தூக்கிப்போகிற எடை குறையும். குலசையிலிருந்து நேரே தெற்கே விட்டுவிடலாம். அதிகம் போனால் 500 கிலோ தூக்கும் சின்ன ராக்கெட்டுக்கு அந்த மிச்சம் பெரிய விஷயம். இந்தக் கணக்கை வாசித்த அன்று என் படுக்கையறையிலிருந்து வாசலுக்கு, அடுக்களையைத் தொடாமல் ஒரு நேர்வழி கண்டுபிடிக்க முயன்றேன். வீட்டைக் கட்டிய என் மாமனாருக்கு அந்த எண்ணமே இருந்திருக்கவில்லை.

செப்டம்பரில் திருவிழா. 14-ஆம் தேதி திருச்சிலுவை மகிமை. வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுமாக மேடு கொள்ளாது. வாக்கரை உதறிவிட்டு, ஒரு கைத்தடியும் ஒரு பேரனுமாக ஏறினேன். நல்ல காலை முன்னால் வைத்து ஏறு, ஆபரேஷன் காலை முன்னால் வைத்து இறங்கு என்பது பிசியோ கொடுத்த சூத்திரம். பேரன் அதை ஒவ்வொரு படியிலும் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்ததால், எனக்கு ஆபரேஷன் எந்தக் காலில் என்று கோவிலுக்கு வந்த எல்லோருக்கும் தெரிந்துபோனது.

உள்ளே கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அது தனி சபை. கூட்டம் முழந்தாளிடும்போது உட்கார்ந்திருக்க உரிமை பெற்றவர்கள். முழந்தாளிட்டால் மூட்டு உடைந்துவிடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் தையலுக்கு வெளிப்பக்கம் மரத்துப்போன தோல் தரையில் படும்போது அது என் கால்தானா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. ஆகவே நானும் அந்த வரிசையில் போய் உட்கார்ந்தேன். பிரசங்கத்துக்கு நடுவிலேயே பக்கத்து நாற்காலி குனிந்து, “எவ்வளவு மடங்குது?” என்று கேட்டது.

“105.”

“எனக்கு 118” என்றார் அந்த அம்மாள், பிள்ளையின் ரேங்க் கார்டை நீட்டுகிற தோரணையோடு. அதற்கடுத்த நாற்காலிக்கு இரண்டு காலும் மாற்றியாயிற்று. மகனைப் பார்க்க துபாய் போனபோது ஏர்போர்ட்டில் இரண்டு பக்கமும் கூவியதாம். எங்களால் அதற்கு மேல் எதுவும் பேச முடியவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால் மைனி நிற்கிறாள். என் அண்ணன் மனைவி; ஏப்ரலிலிருந்து என் வீட்டுக்கு வந்த தூக்குவாளிகளில் பாதி அவளுடையது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“அடுத்த காலு எப்ப?”

டாக்டர் அவசரமில்லை என்கிறார், எடையை இன்னும் குறைத்தால் தள்ளிப்போடலாம் என்றேன்.

“தள்ளிப்போடு. ஆனா இந்தத் தடவ நல்லா மீன்பாடு இருக்க மாசமாப் பாத்து வையி” என்றாள். “போன தடவ தடைக்காலத்துல போய்ப் படுத்துட்ட. உனக்குன்னு ஒழுங்கா ஒரு மீன் குடுக்க முடிஞ்சுதா?”