ஒற்றை விரல் கோட்பாடு: கீபோர்டு வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாள் பற்றி ஓர் ஆய்வு

ஃபிரிட்ஜ் வந்த அன்று வீட்டில் எல்லாரும் அதைத் திறந்து திறந்து மூடுவார்கள். வாஷிங் மெஷின் வந்த அன்று எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு துணி சுற்றுவதைப் பார்ப்பார்கள். இரண்டும் நாடறிந்த வழக்கங்கள். முறையாக ஆராய்ந்து எழுதியவர்தான் யாரும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க நான் முன்வரவில்லை. எனக்குக் கிடைத்த களம் வேறு. சென்ற சனிக்கிழமை பகல் 11.40 மணிக்கு, ஆட்டோவின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு வந்த ஓர் அட்டைப் பெட்டி எங்கள் வாசலில் இறங்கியது. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனுக்காக வாங்கிய அரேஞ்சர் கீபோர்டு. ஞாயிறு இரவு வரை நடந்தவற்றை உடனிருந்து கண்டு எழுதியது இது.

அரேஞ்சர் என்பது யாது? இடக்கை ஒரு கார்டைக் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டத்தைக்) காட்ட, டிரம்ஸும் பேஸும் கிடாரும் தாமே கூடி அந்தக் கார்டுக்குள் நின்று வாசிக்கும் கீபோர்டு அரேஞ்சர் எனப்படும். வெறும் கீபோர்டு என்னாது அரேஞ்சர் என்றது என்னையெனின், வெறும் கீபோர்டு வாசிக்கத் தெரிந்தவருக்கு. இது தெரியாதவருக்கும் என்க. வீட்டுக்கு வாங்கும் ரகங்களில் பெரும்பாலும் 61 கட்டை: வெள்ளை 36, கறுப்பு 25. பியானோவில் 88 உண்டே, மீதி 27 எங்கே என்று கேட்பவர் இருக்கலாம். அந்த 27இன் தேவை எங்கள் வீட்டில் யாருக்கும் எழவில்லை. இருந்த 61இலேயே முதல் நாள் மாலை வரை தொடப்பட்டவை ஒரு பத்து இருக்கும்.

ஆய்வு முறை பற்றிச் சில சொற்கள். களம், எங்கள் ஹால். பத்துக்குப் பன்னிரண்டு அடி. மாதிரி அளவு நால்வர்: மகன், மனைவி, 78 வயதான என் தாயார், நான். கட்டுப்பாட்டுக் குழு என்று எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் கட்டுப்படுவதில்லை. தயாரித்த நிறுவனத்தின் பெயரும் விலையும் ஆய்வு அறம் கருதி மறைக்கப்படுகின்றன. விலை மனைவியிடமும் ஓரளவு மறைக்கப்பட்டிருக்கிறது.

பெட்டியைப் பிரிக்கும் படலத்தை விரிக்கப்போவதில்லை. தெர்மாகோல் அட்டையோடு உரசும் அந்தச் சத்தமே கருவியிலிருந்து எங்களுக்குக் கிடைத்த முதல் நாதம் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். "ஸ்டாண்ட் தனி சார், கவர் தனி சார்" என்று கடையில் சொன்னதால் கருவி சாப்பாட்டு மேசையில் ஏறியது. கவருக்குப் பதில் பூந்துவாலை. டிஸ்பிளே மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை எடுக்கலாமா என்ற விவாதம் கால்மணி நேரம் நடந்து, எடுப்பதில்லை என்று முடிவானது. பெட்டி பரணுக்குப் போயிற்று. வாரண்டி முடிந்த பிறகும் அது அங்கேதான் இருக்கும் என்பதற்கு முன்னரே அங்கிருக்கும் மிக்ஸி பெட்டி, டி.வி. பெட்டி ஆகியன சான்று.

ஆய்வின் முதல் முடிவு சற்றுக் கசப்பானது. கடையில் கேட்ட வாத்தியம் வீட்டுக்கு வருவதில்லை. கடைப் பையன் ஸ்டைல் ஒன்றைப் போட்டு, இடக்கையில் நான்கு கார்டு, வலக்கையில் சாக்ஸபோன் என்று வாசித்தபோது ஒரு கல்யாண ரிசப்ஷனே நடந்தது. அதே சாக்ஸபோனில் நான் வீட்டில் ச ரி க ம வாசித்தேன். பழைய ஸ்கூட்டரின் ஹாரன் கேட்டது. காரணம் ஆராயத்தக்கது. சாக்ஸபோன்காரர் ஒரு ஸ்வரத்தை ஊதும்போது தொடக்கத்தில் மூச்சை ஒருவிதமாகவும் நடுவில் வேறுவிதமாகவும் விடுகிறார். கட்டைக்கு மூச்சு கிடையாது. விரல்தான் எங்கே நீட்டுவது, எங்கே விடுவது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். கடைப் பையனின் விரல் கொடுத்தது. அந்த விரல் பெட்டிக்குள் இல்லை.

இனிக் கருதுகோள். முதல் நாளில் அரேஞ்சர் கீபோர்டை வாசிப்பவர் எவரும் இல்லை. திறந்து வைப்பவரே உண்டு. விளக்குவேன். இதில் சிங்க் ஸ்டார்ட் என்றொரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் மொத்த வாத்தியக் கோஷ்டியும் ஆயத்தமாகிவிடும், ஆனால் ஆரம்பிக்காது. உங்கள் இடக்கை விரல் ஒரு கட்டையில் பட்ட கணத்தில்தான் டிரம்ஸ் விழும். இதை நாம் எங்கே கண்டிருக்கிறோம்? பந்தல் போட்டாயிற்று, மாலை வந்தாயிற்று, நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். மந்திரி வந்து ரிப்பனை வெட்டியதும் எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்குகிறது. பாலத்தைக் கட்டியவர் அவரல்லர். ஆனால் கல்வெட்டில் பெயர் அவருடையது. சனிக்கிழமை மதியம் ஒரே விரலால் சி கட்டையை அமுக்கிவிட்டு, எழுந்த முழக்கத்தைக் கேட்டு என் முகத்தில் பரவியது அந்தக் கல்வெட்டுக் களிப்பே. "அப்பா, நீங்க எதுவுமே வாசிக்கல" என்றான் மகன். ரிப்பன் வெட்டுபவரிடம் இப்படியெல்லாம் யாரும் சொல்வதில்லை.

ஒற்றை விரலில் கார்டு பிடிக்கும் வசதிக்கும் ஒரு தத்துவம் இருக்கிறது. பரவலாக உள்ள ஒரு முறைப்படி, சி கட்டையை மட்டும் அமுக்கினால் சி மேஜர். அதற்கு இடப்பக்கம் அடுத்துள்ள கறுப்புக் கட்டையையும் சேர்த்து அமுக்கினால் மைனர். இடப்பக்க வெள்ளையைச் சேர்த்தால் செவன்த். அதாவது சந்தோஷம் ஒரு விரல் வேலை. சோகத்துக்குத்தான் துணைக்கு இன்னொரு விரல் வேண்டியிருக்கிறது. இதை வகுத்த பொறியாளர் வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்தவரா, கட்டைகளை எண்ணிப் பார்த்தவர் மட்டுமா என்பது தனி ஆய்வுக்கு உரியது.

அற்றேல், ஒற்றை விரலை இழிவாகக் கொள்ளலாமோ எனின், ஆகாது. இசைக் கல்லூரி முடித்து 1980இல் ஜப்பானின் கேசியோ நிறுவனத்தில் சேர்ந்தவர் ஒகுடா ஹிரோக்கோ. அடுத்த ஆண்டு வெளிவந்த எம்.டி.-40 என்னும் சின்னஞ்சிறு கீபோர்டில், 'ராக்' என்ற தாளத்துக்கு ஒரு பேஸ் நடையை அவர் அமைத்து வைத்தார். பெட்டியோடு வந்த இலவசச் சரக்குதான். 1985இல் ஜமைக்காவில் வெய்ன் ஸ்மித் என்ற பாடகரின் கூட்டம் அதே பொத்தானை அமுக்கி, கிங் ஜாமி என்ற தயாரிப்பாளர் வேகத்தைக் குறைத்து வைத்துப் பதிவு செய்ய, ரெகே இசை கணினிக் காலத்துக்குத் தாவியது. அந்த நடையின் மேல் பின்னால் நூற்றுக்கணக்கான பாட்டுகள் எழுந்தன. எனவே பொத்தான் அமுக்குவது கலையே. ஆனால் எங்கள் வீட்டில் அதே காரியம் 'ஹாப்பி பர்த்டே'யில் போய் முடிந்தது. சனி மாலை ஆறு மணிக்குள் பதினொரு முறை. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "யாருக்கு சார் பர்த்டே?" என்று விசாரித்தார். வந்தவருக்குக் காபி கொடுத்து அனுப்பினோம்.

அடுத்துக் குரல்கள். கடைக்காரர்கள் இவற்றை 'டோன்' என்பார்கள். ஜெனரல் மிடி என்ற பெயரில் 1991இல் உலகத்துக்குப் பொதுவாக ஒரு பட்டியல் போட்டார்கள், மொத்தம் 128. நம் நாட்டுப் பங்காக அதில் 105ஆம் எண்ணில் சிதார் இருக்கிறது, 112இல் ஷெனாய் இருக்கிறது. நாதஸ்வரம் இல்லை, வீணை இல்லை. பியானோ குடும்பத்துக்கு எட்டு இடம் இருந்தது. போகட்டும். ஆனால் 125 டெலிபோன் மணி, 126 ஹெலிகாப்டர், 127 கைதட்டல், 128 துப்பாக்கிச் சத்தம். வீணைக்கு இல்லாத இடம் ஹெலிகாப்டருக்கு எப்படிக் கிடைத்தது என்ற கேள்வியை இந்த ஆய்வாளர் எழுப்பியபோது, மாதிரிக் குழுவின் இளைய உறுப்பினர் ஹெலிகாப்டரை ஆரோகண அவரோகணமாக வாசித்துக்கொண்டிருந்தார். கைதட்டலையும் ஏதாவது ஒரு ஸ்வரத்தில்தான் வாசிக்க முடியும் என்பது எங்களுக்குப் புதிய செய்தி. மத்திமத்தில் தட்டினால் நன்றாக இருக்கிறது.

மனைவி வாசிக்கவில்லை. துடைத்தார். துடைத்தபோதே ஒரு கண்டுபிடிப்பும் செய்தார்: துணி அழுந்திப் போன இடத்தில் சத்தம் பெரிதாகவும், மெல்ல நகர்ந்த இடத்தில் சிறிதாகவும் கேட்டது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு தொடுமுனைகள் உண்டு. முதலாவது பட்டு இரண்டாவது படுவதற்குள் எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் கருவி அளக்கிறது. நேரம் குறைந்தால் ஓங்கி அடித்ததாகக் கணக்கு. உண்மையில் அது பலத்தை அளப்பதே இல்லை, வேகத்தைத்தான். இதை விரிவாக எடுத்துச் சொன்னேன். "ஏங்க, மெதுவா கேட்டா மெதுவா பதில் சொல்லுது. இந்த வீட்ல இதுக்காவது அந்தப் பழக்கம் இருக்கே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

எல்லைத் தகராறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கருவியில் ஸ்பிளிட் பாயின்ட் என்றொரு கண்ணுக்குத் தெரியாத வரப்பு உண்டு. அதற்கு இடப்புறம் கார்டு நிலம், வலப்புறம் பாட்டு நிலம். வாசிப்பு மும்முரத்தில் வலக்கை ஒரு கட்டை இடப்பக்கம் இறங்கிவிட்டால் போதும், கோஷ்டி முழுதும் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கார்டுக்குத் தாவிவிடும். பாகப்பிரிவினையான வீட்டில் துணி காயப்போடக் கை நீட்டியவன் கதிதான்.

ஞாயிறு மாலை நான்கு மணி அளவில் நடந்தது இந்த ஆய்வின் மையம். மகனும் மனைவியும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சின்ன வயதில் பாட்டு கற்றவர். சொல்லிக்கொடுத்தவர் ஹார்மோனியத்தில் சுருதி வைப்பாராம். முதல் கட்டைதான் ச என்ற நியாயமான ஊகத்தில், இடக்கோடியில் இருந்த கட்டையை அமுக்கினார். அது சி; ஒரு கட்டை சுருதியின் ச-வேதான். ஊகம் சரி. ஆனால் அது கார்டு நிலம். மகன் சிங்க் ஸ்டார்ட்டை அணைக்காமல், டிஸ்கோ ஸ்டைலிலேயே விட்டுப் போயிருந்தான்.

விழுந்தது டிஸ்கோ. நான் எழுந்து ஓடினேன். அம்மா திடுக்கிடவில்லை. கொஞ்சம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு வலக்கையைத் தொடைக்குக் கொண்டுபோய்த் தாளம் போட ஆரம்பித்தார்: லகுவுக்கு நான்கு, திருதத்துக்கு இரண்டு, இன்னொரு திருதத்துக்கு இரண்டு. ஆதி தாளம் எட்டு. டிஸ்கோவின் நான்கு நான்காக இரண்டு பார். கச்சிதமாக உட்கார்ந்தது. சரளி வரிசையை எடுத்துவிட்டார். பேஸ் ச-விலும் ப-விலும் மாறி மாறித் தட்ட, அதைத் தம்பூராவாக வைத்துக்கொண்டு முதல் காலம், இரண்டாம் காலம். மூன்றாம் காலத்தில் மூச்சு வாங்கியது. "ஒரு கட்டை ஆம்பளைக் குரலுக்குடா. எனக்கு நாலு வேணும்" என்றார். சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸை +5க்கு ஏற்றினேன். சி, எஃப் ஆயிற்று. நாலு கட்டை. எண்டிங் பொத்தானை நான் அமுக்கியதும் டிரம்ஸ் ஒரு உருட்டு உருட்டி நின்றது. "தீர்மானம் வெச்சு முடிக்கறான் பாரு" என்று அம்மா பாராட்டினார்.

பிறகு வலப்பக்கம் போய் மாயாமாளவகௌளை ராகத்தைத் தனியாகத் தடவிப் பார்த்தார். ச வெள்ளை, ரி கறுப்பு, க வெள்ளை, ம வெள்ளை, ப வெள்ளை, த கறுப்பு, நி வெள்ளை. காந்தாரத்தில் விரல் நின்றது. "இது கொஞ்சம் தூக்கலா இருக்கு." நான் மறுத்தேன், மிஷின் தப்புப் பண்ணாது என்றேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கீபோர்டில் எல்லாக் கட்டைக்கும் இடைவெளி ஒன்றே. ஒவ்வொன்றும் முந்தியதைவிட 1.0595 மடங்கு. அப்படிச் சமமாக வெட்டும்போது இந்தக் காந்தாரம், தம்பூராவில் தானாகப் பேசும் காந்தாரத்தைவிட அரை ஸ்வரத்தில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு உயர்ந்து நிற்கிறது. அம்மா சொன்னதே சரி. இது பழைய வழக்கு. 1842இல் பாரிஸில் டெபேன் என்பவர் காப்புரிமை பெற்ற ஹார்மோனியம் நம் ஊருக்கு வந்து, கமகம் பேசாது, சுருதி நம்முடையதல்ல என்ற குற்றச்சாட்டில் 1940இல் அகில இந்திய வானொலியிலிருந்து வெளியேற்றப்பட்டது. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. எங்கள் சாப்பாட்டு மேசையில் தீர்ப்பு அவ்வளவு கடுமையாக இல்லை. "பரவால்ல, தாளக்காரன் நல்லவனா இருக்கான்" என்பதோடு முடிந்தது.

கோட்பாட்டில் இதனால் ஒரு திருத்தம் வேண்டியிருக்கிறது. மற்ற மூவர் பற்றிக் கருதுகோள் நிற்கிறது; நான்காமவர் ரிப்பன் வெட்டவில்லை, கச்சேரிக்குப் பக்கவாத்தியம் அமர்த்திக்கொண்டார். மகனுக்கு வகுப்பு வெள்ளிக்கிழமைதான் தொடங்குகிறது. கருவியை அரை மணி நேரம் தொடாமல் விட்டால் தானே அணைந்து, டிரான்ஸ்போஸ் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. எனவே விளக்கேற்றியதும் அம்மா வந்து, பூந்துவாலையை மடித்து வைத்துவிட்டு, பிளஸ் பொத்தானை எண்ணி ஐந்து முறை அமுக்குகிறார். காலை ஆறு முதல் ஏழு வரை கருவி ஆய்வாளருக்குக் கிடைப்பதில்லை. ஆகவே மேற்கொண்டு தரவு இல்லை.