எந்த அவென்யூ?

இந்தியாவில் சமத்துவத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஒரே துறை அஞ்சல் துறைதான். சென்னை பெசன்ட் நகரில் ஓய்வுபெற்ற அதிகாரி வாழும் பங்களாவுக்கும், எலியட்ஸ் கடற்கரையின் வடக்கோரத்தில் படகுகள் கிடக்கும் ஊரூர் ஒல்காட் குப்பத்துக்கும் கூச்சமே இல்லாமல் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டது: 600090. இந்த அநியாயத்தைச் சரிசெய்யும் திருப்பணியை இன்று தனியார் ஆஸ்பத்திரிகளின் ஹெச்.ஆர். பிரிவுகள் ஏற்று நடத்துகின்றன.

எப்படி என்கிறீர்களா? விளம்பரத்திலிருந்து வருவோம். புகழ்பெற்ற பன்னோக்கு மருத்துவமனைக்கு 'பேஷன்ட் எக்ஸ்பீரியன்ஸ் எக்சிகியூட்டிவ்' தேவை. பயந்துவிடாதீர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவரிடம் "அட்வான்ஸ் கட்டிட்டு வாங்க" என்று சிரித்தபடி சொல்லும் வேலைக்கு அதுதான் பெயர். ஏதாவது ஒரு டிகிரி, இரண்டு வருட அனுபவம், சரளமான ஆங்கிலம், எந்த ஷிஃப்டுக்கும் தயார் என்ற மனப்பக்குவம். ஃப்ரெஷர்களும் வரலாம், ஆனால் அனுபவம் வேண்டும். சம்பளம்? 'தகுதிக்கேற்ப.' குப்பத்துக் கரையில் மீன் ஏலம் ஊரே பார்க்க நடக்கிறது, வஞ்சிரத்தின் விலை பக்கத்தில் நிற்கும் குழந்தைக்கும் தெரியும். கோடிக்கணக்கில் கருவி வாங்கிப்போட்ட ஆஸ்பத்திரியில் பில்லிங் கிளார்க்கின் சம்பளம் மட்டும் ராணுவ ரகசியம்.

பி.காம். முடித்த குப்பத்துப் பெண் ஒருத்தி போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பயோடேட்டாவில் 'குப்பம்' என்று எழுதாதே, 'பெசன்ட் நகர்' என்று மட்டும் போடு என்று முன்னால் போய்த் திரும்பியவர்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"வாங்க, உட்காருங்க. அப்பா என்ன பண்றாங்க?"

"கடலுக்குப் போறார் மேடம்."

"ஓ, மர்ச்சன்ட் நேவியா?"

"இல்ல மேடம், மீன் பிடிக்க."

"ம்... வீடு பெசன்ட் நகர்னு போட்டிருக்கு. எந்த அவென்யூ?"

"எல்லா அவென்யூவும் முடிஞ்சப்புறம் மேடம்."

"சரிம்மா, நீ போ. நாங்களே கூப்பிடுறோம்."

'வாங்க' எந்த இடத்தில் 'நீ' ஆனது என்று கவனித்தீர்களா? டெபிட், கிரெடிட் பற்றி ஒரு கேள்வி வந்ததா? காப்பீட்டு நிறுவனம் கிளெய்மைத் திருப்பி அனுப்பினால் என்ன செய்வாய் என்று யாராவது கேட்டார்களா? இன்டர்வியூ நடந்தது அப்பாவுக்கும் வீட்டுக்கும். அந்தப் பெண் சும்மா கூடப் போயிருந்தாள்.

இது குப்பத்துக்காரர்களின் மனப்பிராந்தி என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்காகவே 2007இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. சுக்தேவ் தோராட்டும் பால் அட்டவெல்லும் ஆங்கில நாளிதழ் விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியும் வேறு வேறு பெயரும் கொண்ட விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு குறைந்தது. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லி வட்டாரத்தில் 25 ஹெச்.ஆர். மேலாளர்களிடம் பேசினார்கள். திறமைதான் எங்களுக்குக் கடவுள் என்றவர்கள், அதே மூச்சில் குடும்பப் பின்னணி ரொம்ப முக்கியம் என்றும் சொன்னார்கள். கடவுளைப் பார்க்கவும் சிபாரிசு வேண்டும் போலிருக்கிறது.

பெசன்ட் நகரை ஒட்டிய அடையாறில் 1954இல் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர அவர் மனுச் செய்தபோது பெண் என்பதும் தாயின் குலமும் தடையாக வந்து நின்றன. மன்னர் தலையிட்டுத்தான் இடம் கிடைத்தது. ஆக, குடும்பப் பின்னணிக் கேள்வி புதிதல்ல. இன்றைய ஹெச்.ஆர். மேடம் அன்று அந்தக் கல்லூரி வாசலில் உட்கார்ந்திருந்தால் 'நாங்களே கூப்பிடுறோம்' என்று அனுப்பியிருப்பார். இன்று மூலைக்கு மூலை மாட்டியிருக்கும் முத்துலட்சுமி படத்துக்கு ஆணிச் செலவாவது மிஞ்சியிருக்கும்.

குப்பத்தின் பெயரில் இருக்கும் ஒல்காட் அமெரிக்கக் கர்னல். 1882இல் பிரம்மஞான சபையை அடையாற்றுக்குக் கொண்டுவந்தவர், 1894இல் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தவர். பயோடேட்டாவில் அவர் பெயரை மட்டும் விட்டுவைக்கலாம், வெள்ளைக்காரர் ஆயிற்றே. அவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் குப்பம்தான் மேசைக்கு அந்தப் பக்கம் உறுத்துகிறது.

ஆங்கிலம் போதாது என்பது அடுத்த சாக்கு. சரி, அந்தக் கவுன்ட்டருக்கு யார் வருகிறார்கள்? திருவண்ணாமலையிலிருந்து முதல்வர் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு ஒரு பெரியவர் வருகிறார். 2009இல் தொடங்கி, பெயர் மாறி இன்றும் ஓடுகிற அந்தத் திட்டத்தில் தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் போவது நம் வரிப்பணம். பெரியவர் தமிழில் கேட்கிறார்; பதில் 'ப்ரீ ஆத்', 'அப்ரூவல்', 'எக்ஸ்க்ளூஷன்' என்று வருகிறது. அவர் தலையாட்டிவிட்டுப் போய் செக்யூரிட்டியிடம் விளக்கம் கேட்கிறார். அவருக்குப் புரியும்படி சொல்லக்கூடிய பெண்ணை 'கம்யூனிகேஷன் ஸ்கில் இல்லை' என்று நேற்றுத்தான் திருப்பி அனுப்பினார்கள்.

குப்பத்துக்காரர்களுக்கு ஆஸ்பத்திரியில் வேலையே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பாவம். அதே கட்டடத்தில், அதே நாளில், அந்தப் பெண்ணின் அம்மா போயிருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை. கான்ட்ராக்ட்காரர் ஆதார் நகல் கேட்பார், யூனிஃபார்ம் கொடுப்பார், மாப்பைக் கையில் திணிப்பார். எந்த அவென்யூ என்று கேட்க மாட்டார். ஆங்கிலம் வேண்டாம், அனுபவம் வேண்டாம், அப்பா யாராக இருந்தாலும் பரவாயில்லை. தரையைத் துடைக்கத் தடையில்லாத முகவரி, அந்தத் தரையில் நாற்காலி போட்டு உட்கார மட்டும் தகாததாகிவிடுகிறது.

அப்பாவின் தொழிலை யாரும் கேட்காத வாசல் ஒன்றும் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி அலுவலகங்களுக்கும் இளநிலை உதவியாளர்கள் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 வழியாகத்தான் வருகிறார்கள். அதில் நேர்முகத் தேர்வு கிடையாது. அதனால்தான் அங்கே கூட்டம். 2024இல் 6,244 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். அந்த ஒற்றை வாசலிலும் கை வைத்தார்கள். 2019 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் மறையும் மையால் விடை குறித்து, விடைத்தாள் சென்னைக்கு வரும் வழியில் சரியான விடையை நிரப்பினார்கள். 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். நேர்மையாக எழுதித் தோற்றவனின் அந்த வருடத்தை யார் திருப்பித் தந்தார்கள்?

தேர்வெழுதி ஜெயித்தவர்கள் கதையும் தெரிந்ததுதான். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய தேர்வில் வென்ற செவிலியர்கள், 7,700 ரூபாய் ஒப்பந்தச் சம்பளத்தை எதிர்த்து 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கொரோனா நேரத்தில் அவசரமாக எடுத்த செவிலியர்களுக்குக் கைதட்டினோம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வீட்டுக்கு அனுப்பினோம். புத்தாண்டு வாழ்த்து தனியாகச் சொன்னார்களா தெரியவில்லை.

சாதியையோ முகவரியையோ பார்த்துத் தனியார் நிறுவனம் வேலை மறுத்தால் கேட்பதற்கென்று இந்த நாட்டில் ஒரு முழுமையான சட்டம் கிடையாது. 2017இல் சசி தரூர் மக்களவையில் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார்; அது சட்டமாகவில்லை. டெல்லி வரும்வரை காத்திருக்க வேண்டாம். காப்பீட்டுத் திட்டப் பட்டியலில் ஓர் ஆஸ்பத்திரியைச் சேர்க்கும்போது எத்தனை படுக்கை என்று கேட்கிற தமிழக அரசு, இன்னும் மூன்றைக் கேட்கட்டும்: காலியிடமும் சம்பளமும் பலகையில் எழுதியிருக்கிறதா? காப்பீட்டுக் கவுன்ட்டருக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூ தமிழில் நடக்கிறதா? அப்பாவின் தொழில் அந்த விண்ணப்பப் படிவத்தில் ஏன் இருக்கிறது? பதில் சொல்லாத ஆஸ்பத்திரிக்கு மக்கள் வரிப்பணத்தில் ஒரு ரூபாய் போகக் கூடாது.