இரட்டைத் திரைக்காரர்

சென்னை ரிச்சி தெருவில் கிராபிக்ஸ் கார்டு வாங்க வருபவர்களில் ஒரு ரகம் உண்டு. அட்டைப்பெட்டி கைக்கு வந்ததும் விலையைப் பார்க்கமாட்டார். பெட்டியைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பின்பக்கப் பொடி எழுத்தில் மானிட்டர் கணக்கைத் தேடுவார். "தம்பி, ரெண்டு மானிட்டர் சப்போர்ட் பண்ணும்ல?" "நாலே பண்ணும் சார்." அந்த 'நாலு' காதில் விழுந்ததுமே பேரம் படிந்துவிடும். வீட்டில் இருப்பதென்னவோ ஒரே மானிட்டர்தான். அடுத்ததை வைக்க வேண்டிய இடத்தில் பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் மை தீர்ந்துபோய்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு காலத்தில் இது உண்மையிலேயே பெருமைக்குரிய சங்கதிதான். விண்டோஸ் 98 பல மானிட்டர்களை அனுமதித்தது என்றாலும், பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கார்டு செருக வேண்டியிருந்தது. 1999-இல் மேட்ராக்ஸ் ஜி400 ஒரே கார்டில் இரண்டு திரைகளைக் கொண்டுவந்தபோது அதைத் தம்பட்டம் அடித்ததில் நியாயம் இருந்தது. மறுவருடமே என்விடியாவும் ட்வின்வியூ என்று கிளம்பியது. 2012 வாக்கில் இன்டெல் செயலிக்குள் இருக்கும் கிராபிக்ஸே மூன்று திரைகளை ஓட்டத் தொடங்கிவிட்டது. அதன்பிறகும் பெட்டியில் இதை அச்சடிப்பது, காருக்கு நான்கு சக்கரம் உண்டு என்று விளம்பரம் செய்வது மாதிரி. கணக்கைப் பாருங்கள்: 1920-க்கு 1080 அளவுத் திரையில் ஒரு முழுக் காட்சியை வைத்திருக்க ஏறக்குறைய 8 எம்பி நினைவகம் போதும். 4 ஜிபி கார்டுக்கு அது தூசு. ஒரு பக்கம் எக்செல், மறுபக்கம் வாட்ஸ்அப் என்று திறந்துவைத்தால் கார்டுக்கு வியர்க்கப் போவதில்லை.

வீடியோ எடிட்டருக்கும் பங்குச்சந்தைக்காரருக்கும் இரண்டு திரை வேண்டாமா என்று கேட்பீர்கள். தாராளமாக வேண்டும். ஆனால் அந்தப் பாராட்டு மானிட்டருக்குப் போகவேண்டியது. கார்டு அதை ஏன் தட்டிப்பறிக்க வேண்டும்? மூன்று திரைகளில் விரித்து கேம் ஆடுபவர் விஷயம் வேறு. வரைய வேண்டிய புள்ளிகள் மும்மடங்காகின்றன. அங்கே கார்டின் பலம் தெரியும். நம்மவரோ இரண்டாவது மானிட்டர் வாங்கினாலும் ஆடப்போவது ஒரே திரையில்தான். இன்னொன்றில் கிரிக்கெட் ஸ்கோர். அது 60 ஹெர்ட்ஸ், இது 144 ஹெர்ட்ஸ் என்று கலந்து மாட்டினால் சில கார்டுகள் சும்மா இருக்கும்போதும் வேகம் குறையாமல் கூடுதல் மின்சாரம் குடிக்கும் என்பதைப் பெட்டி சொல்லாது. இதில் பெரிய வேடிக்கை, கார்டை மாட்டிவிட்டுக் கேபிளைப் பழைய பழக்கத்தில் மதர்போர்டிலேயே செருகிவிடுவார். திரை கறுப்பாக இருக்கும். கார்டு டூப்ளிகேட் என்று கடைக்குத் திரும்பி வருவார்.

ஆகவே, இரண்டாவது திரை ஒன்றுக்காகவே கார்டு வாங்கக் கிளம்புகிறவர்கள், முதலில் கேபினட்டின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு எச்டிஎம்ஐயும், கூடவே டிஸ்ப்ளே போர்ட்டோ விஜிஏவோ இருந்து, செயலிக்குள்ளேயே கிராபிக்ஸும் இருந்தால் (இன்டெல்லில் 'எஃப்' என்று முடியும் செயலிகளுக்கு அது கிடையாது) கார்டை விட்டுவிட்டு, அந்தக் காசில் நல்ல மானிட்டராக ஒன்று வாங்குங்கள்.