விசா இல்லாத இத்தாலி: ஊவாவுக்கு ஒரு வழிகாட்டி

மலையுச்சியில் பழைய ஊர், கற்சுவர், துறவி மடம், கீழே பனி மூடிய பள்ளத்தாக்கு, கையில் ஒரு கோப்பை. இத்தனையும் ஒரே இடத்தில் வேண்டும் என்றுதான் சனங்கள் விடுமுறைக்கு இத்தாலி போகிறார்கள். விசா எடுப்பது என்ன பாடு என்று, இத்தாலிக்கு ஆட்கள் போகும் வென்னப்புவைப் பக்கம் கேட்டால் சொல்வார்கள். நீங்கள் அந்தப் பாடெல்லாம் படவேண்டாம். கொழும்புக் கோட்டையில் பதுளை ரயிலைப் பிடியுங்கள், போதும்.

துறவி மடம் ஹப்புத்தளையில் இருக்கிறது. பெயர் அடிஷாம். தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரத் துரை, கென்டில் உள்ள லீட்ஸ் கோட்டையை மனதில் வைத்து 1931இல் கட்டிய பங்களா. இப்போது அங்கே சில்வெஸ்திரிய பெனடிக்ட் துறவிகள் இருக்கிறார்கள். அந்தச் சபை 1231இல் இத்தாலியின் ஃபாப்ரியானோ நகருக்கு மேலே ஒரு மலையில் தொடங்கியது. ஆக, மத்தியகால இத்தாலியே மலையேறி வந்து உங்களுக்கு ஜேம் போத்தல் விற்கிறது. இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், கொய்யா நன்றாக இருக்கும்.

அடுத்தது லிப்டன் சீட். 1890இல் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன் உட்கார்ந்து பார்த்த இடம் என்பார்கள். இப்போதும் சிலையாக உட்கார்ந்துதான் இருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுக்கலாம். கொழுந்து பறித்தவர்களுக்கு அங்கே சிலை கிடையாது. அவர்களுக்கு உட்கார நேரமும் கிடையாது என்பதால் சிற்பி பாவம் என்ன செய்வார்!

தேயிலை மலையில் இறங்கிக் கொழுந்து பறிப்பவர்களைப் படம் எடுப்பதற்கென்று சில விதிகள் உண்டு. கூடை தேடாதீர்கள். அது சுற்றுலாச் சுவரொட்டியோடு போய்விட்டது; இன்று பல இடங்களில் தலையிலிருந்து தொங்குவது பை. இடுப்பில் கட்டியிருப்பது படங்கு. அது புது மோஸ்தர் உடுப்பு அல்ல. தேயிலைச் செடியின் வாது சேலையைக் கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இருக்கக் கட்டுவது. “அக்கா, கொஞ்சம் சிரிங்க” என்று கேட்டால் சிரிப்பார்கள். இரண்டாவது தடவை கேட்டால், “சார், கொஞ்சம் ஒதுங்குங்க, நிரை விட்டுப் போவுது” என்பார்கள். ஒதுங்கிவிடுங்கள். 18, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஓர் அளவு உண்டு. அது நிறையாவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாட் சம்பளம். உங்கள் படத்தில் அவர் சிரிக்கும் நேரம் அந்தக் கணக்கில் சேராது.

தங்குவதற்குத் துரை பங்களா ஒன்றைப் பிடியுங்கள். பழைய தோட்டப் பங்களாக்கள் பல இப்போது ஹோட்டல்கள். குளிக்கும் தொட்டிக்குக்கூட நூறு வயது என்று பெருமையாகச் சொல்வார்கள். அதே காலத்தில், அதே கம்பனி தொழிலாளருக்குக் கட்டிய லயமும் கீழே இருக்கிறது; அதற்கும் நூறு வயது, அதிலும் ஆட்கள் தங்கியிருக்கிறார்கள். ஆனால் அதைப் பாரம்பரியக் கட்டடம் என்று எந்தப் பிரசுரத்திலும் போடமாட்டார்கள். யன்னலைத் திறக்கும்போது மலை தெரியும் பக்கமாகத் திறக்கவும்.

ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை வருவது உத்தமம். வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த வாசம் அந்தக் காற்றில்தான் ஏறுகிறது. ஒக்டோபருக்குப் பிறகு மழை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அபாயமான இடம் என்று அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். இந்த விஷயத்தில் வேடிக்கை பேச எனக்கு வராது, மேலே போகலாம்.

ரயிலில் எல்ல வந்ததும் எல்லாரும் இறங்குவார்கள். நீங்களும் இறங்கி, 1921இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று, உங்களைப் போலவே நிற்கும் மற்றவர்களைப் படம் எடுங்கள். தெமோதரையில் ரயில் சுற்றி வளைந்து தன் ஸ்டேஷனுக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழையும், அதையும் பாருங்கள். அதற்கு மேல் பதுளைக்குப் போகாமலிருப்பது நல்லது. போனால் அங்கே நிஜமாகவே ஒரு பழைய ஊர் இருப்பது தெரிந்துவிடும்.

பிடிவாதமாகப் போகிறவர்களுக்கு: முதியங்கன விகாரையைப் பாருங்கள். சென்ட் மார்க் தேவாலயத்தையும் பாருங்கள். மேஜர் ரோஜர்ஸின் நினைவாக எழுப்பியது. 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று பெயரெடுத்த அவர், 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். யானைகளுக்கும் ஒரு கடவுள் உண்டு என்று எங்கள் பக்கத்துக் கிழவிகள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள்.

ஆனால் பதுளையின் அசல் மத்தியகாலச் சொத்து பொது நூலகத்தில் நிற்கிறது: 10ஆம் நூற்றாண்டுக் கல்தூண் ஒன்று. மகியங்கனைப் பக்கத்தில் சொரபொரக் குளத்தருகே நின்றதை வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே கொண்டுவந்தார்கள். உதய மன்னன் மகியங்கனைக்கு வந்தபோது, ஹோபிட்டிகமச் சந்தை வியாபாரிகளும் ஊராரும் போய் முறையிட்டிருக்கிறார்கள்: அதிகாரிகள் பழைய சட்டத்தை மீறிக் கண்டபடி அறவிடுகிறார்கள் என்று. மன்னன் விதி போட்டான். ஊர் வழியே கடந்துபோகும் சரக்குக்குச் சுங்கம் கிடையாது. ஒத்துக்கொள்ளாத நிறையும் அளவையும் பாவிக்கக்கூடாது. அதைக் கல்லிலும் வெட்டினார்கள். கிட்டப் போய் நின்றால் நான்கு பக்கமும் எழுத்து வரிசைகள் இருப்பது தெரியும். அங்கே தள்ளுமுள்ளு இருக்காது. தாராளமாகப் படம் எடுக்கலாம்.

தூணைப் பார்த்த கையோடு ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறுங்கள். நமுனுகலை மலைப் பக்கமாக வளைந்து வளைந்து ஏறும். வாந்தி வருகிறவர்கள் முன்சீட்டில் உட்காரவும். இந்தப் பக்கத்து மலைகளில் எங்கேயாவது கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேருங்கள். றோட்டோரம் பைகளை வரிசையாக வைத்துவிட்டு நிற்பார்கள். ஒவ்வொரு பையாகத் தராசில் மாட்டுவார்கள். முள் ஆடி நிற்கும் முன்பே ஓர் இலக்கம் காதில் விழும். பறித்தவரின் கண் முள்ளில், கணக்கப்பிள்ளையின் கண் கொப்பியில். இலையில் ஈரம் இருக்கிறது, பைக்கு நிறை இருக்கிறது என்று இரண்டு மூன்று கிலோ கழித்து எழுதுவது பல தோட்டங்களில் வெகுகாலத்து வழக்கம். வெயில் கொளுத்தும் நாளிலும் ஈரம் கழியும்.

1,000 ரூபா நாட்சம்பளம் கேட்டுப் பல வருடம் கத்தி, 2021இல்தான் அதற்கு வர்த்தமானி வந்தது. நாட்சம்பளத்தோடு ஒவ்வொரு கிலோவும் ஒட்டிக்கொண்டிருப்பதால் தராசைச் சுற்றி யாரும் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை. நீங்களும் பேசாமல் நில்லுங்கள். பிளேன்டீ தந்தால் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் குடியுங்கள். ஒரு கடி சர்க்கரையோடு தருவார்கள்.

முக்கியமாக, “எத்தனை கிலோ கழிக்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நூலகத்துத் தூணைப் பற்றி மூச்சே விடக்கூடாது. கேட்ட நிமிஷமே நீங்கள் டூரிஸ்ட் இல்லை, யூனியன் ஆள் என்று கணக்கப்பிள்ளை முடிவு கட்டிவிடுவார். செய்தி உங்களுக்கு முன்னால் மேலே போய்ச் சேரும். பிறகு துரை பங்களாவில் அறை காலி இல்லை.